மலர் தூவும் கையும் மதகு தூக்கும் கையும்

2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள். கிருஷ்ணகிரி அணை நிரம்பி நின்றது. தென்பெண்ணையாற்றின் குறுக்கே, காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1957-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அணை அது. முழு உயரம் 52 அடி. மழை பெய்து, ஆறு பெருகி, ஏறத்தாழ அந்த அளவுக்கு நீர் தேங்கி நின்றது. இடப்புறக் கால்வாயும் வலப்புறக் கால்வாயும் பாயும் 9,012 ஏக்கர் நிலமும் அந்த நீரை நம்பியிருந்தது. இரண்டாம் போகத்துக்கு இனி அச்சமில்லை என்று உழவன் நிமிர்ந்து நின்ற வேளை அது. அன்று, அணையின் எட்டு மதகுகளில் முதலாம் மதகு உடைந்தது!

பகைவர் எவரும் படையெடுத்து வந்து உடைக்கவில்லை. நிலம் நடுங்கவில்லை. கரை காணாப் பெருவெள்ளம் வந்து மோதவுமில்லை. அறுபது ஆண்டுக் காலம் நீரிலும் வெயிலிலும் நின்ற இரும்பு, இனி என்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டது. அவ்வளவே!

அந்த மதகின் உயரம் 20 அடி. அதன் அடிக்கட்டு அணையில் 32 அடி மட்டத்தில் இருக்கிறது. எனவே ஒரு மதகு போனால் போவது ஒரு மதகளவு நீர் அன்று. 32 அடிக்கு மேல் நின்ற நீர் முழுவதும் போயிற்று என்று பொருள். எஞ்சிய ஏழு மதகுகளும் உறுதியாக நின்றால்தான் என்ன? எட்டு வாயிற்கதவுகளில் ஒன்று திறந்து கிடக்கும் வீட்டில் ஏழு பூட்டுகளால் என்ன பயன்? ஆற்றோரத்து மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆட்சியாளர்கள் வந்து பார்த்தார்கள். பொறியாளர்கள் இராப்பகலாக உழைத்தார்கள். உடைந்த மதகுக்கு மாற்று வைக்கப்பட்டது. பின்னர் எஞ்சிய ஏழும் மாற்றப்பட்டன. ஆனால் அவ்வாண்டு ஓடிய நீர் ஓடியதுதான்.

“துருப்பிடித்த இரும்புக் கதவு ஒன்று உடைந்ததில் அரசியல் என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா?” என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். கேளுங்கள். விடை கூறத்தான் எழுதுகோலை எடுத்தேன்.

நாம் நீருரிமைக்குக் குரல் கொடுப்பவர்கள். காவிரிக்காகக் குரல் கொடுத்தோம், முல்லைப் பெரியாற்றுக்காகக் குரல் கொடுத்தோம், பாலாற்றுக்காகவும் கொடுத்தோம். இதே தென்பெண்ணையின் கிளையாகிய மார்க்கண்டேய ஆற்றில் கர்நாடகம் எழுப்பிய அணையை எதிர்த்துத் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தின் படியேறியது 2018-ஆம் ஆண்டில். ஆண்டைக் கவனியுங்கள், தோழர்களே. மேலே உள்ளவன் நம் நீரைத் தடுக்கிறான் என்று வழக்குத் தொடுத்தது 2018-இல். கீழே வந்து நம் கைக்குள் நின்ற நீரை நம் கதவே காக்க மாட்டாமல் விட்டது 2017-இல். வழக்கு நியாயமானதுதான், அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் எதிர்வழக்காடுபவன் எழுந்து, “கொடுத்த நீரைக் கதவுடைந்து ஓடவிட்டவர் அல்லவா நீங்கள்?” என்று கேட்டால், நம் முகம் எங்கே போகும்?

கிருஷ்ணகிரியோடு நின்றிருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். நிற்கவில்லையே! அடுத்த ஆண்டே, 2018 ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாள் இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணை உடைந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய கட்டுமானம். 45 மதகுகளில் ஒன்பது, தூண்களோடு சேர்ந்து ஆற்றில் போயின. பிறகு 387 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. 2022 செப்டம்பர் 21-இல், நள்ளிரவு கடந்த வேளையில், பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடுமதகு அடித்துச் செல்லப்பட்டது. அணை நிற்பது கேரள மண்ணில்; பேணும் பொறுப்போ தமிழ்நாட்டினுடையது. கொங்கு நாட்டு வயலுக்கு வரவேண்டிய நீர் சாலக்குடி ஆற்றின் வழியே மேலைக்கடலை நோக்கி ஓடிற்று.

2017, 2018-இல் கோட்டையில் இருந்தவர் ஒரு கட்சியினர். 2022-இல் இருந்தவர் வேறொரு கட்சியினர். அவர்கள் ஆட்சியில் உடைந்ததை மட்டும் எண்ணிக் காட்டி, இவர்கள் ஆட்சியில் உடைந்ததை மறைத்து ஒரு கட்டுரை எழுதுவது எனக்கு அரிதன்று. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இரும்புக்குக் கட்சிக்கொடி தெரியாது, தோழர்களே! துரு எந்தச் சின்னத்துக்கும் வாக்களிப்பதில்லை. அறுபது ஆண்டு, எண்பது ஆண்டு, நூற்றெண்பது ஆண்டு என்று வயது ஏறிக்கொண்டேயிருக்கிறது. ஏறும் வயதைக் கணக்கில் கொள்ளாத ஆட்சி எதுவாயினும் அதன் காலத்தில் அது உடையும்.

மதகு என்றால் யாது என்பதைச் சற்று விளக்கிவிட்டு மேலே செல்கிறேன். இன்று “ஷட்டர்” என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். நம் முன்னோர் அப்படிச் சொல்லவில்லை. மிகுநீர் வழியும் இடத்துக்குக் கலிங்கு என்றனர். பாசனத்துக்கு நீர் விடும் வாயை மதகு என்றும் மடை என்றும் வழங்கினர். கரையின் அடியில் நீர் செல்லும் குழாய்வழியைத் தூம்பு என்றனர். ஏரிக்குள்ளே அதற்கு எழுப்பிய நீர்வாங்கும் கட்டுமானத்தைக் குமிழி என்றனர். வெவ்வேறு வேலை செய்யும் உறுப்புகள், வெவ்வேறாகப் பழுதுபடுபவை. ஆகையால்தான் வெவ்வேறு பெயர்.

அணையின் பெருமதகு வெறும் இரும்புப் பலகை அன்று. முன்னே தகடு, அதைத் தாங்கும் சட்டங்கள், இருமருங்கும் உருளைகள், அவ்வுருளைகள் ஏறி இறங்குதற்குத் தூணில் பதித்த இருப்புத் தடங்கள், நீர் கசியாமலிருக்க விளிம்பில் ரப்பர்ப் பட்டை, மேலே தூக்குதற்குக் கம்பிவடமோ சங்கிலியோ, அதை இழுக்கப் பற்சக்கரம், சில அணைகளில் சுமையைக் குறைக்க எதிர் எடை. இவை அனைத்தும் ஒரே நாளில் முதுமை அடைவதில்லை. ரப்பர் முதலில் போகும். வடம் அடுத்துத் தேயும். தகடு எங்கே முதலில் அரிக்கும் தெரியுமா? நீருக்குள் மூழ்கியே கிடக்கும் பகுதியிலன்று. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில், நனைந்தும் காய்ந்தும் நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் பட்டையில்தான். தூணுக்குள் பதித்த தடத்தையோ எவரும் பார்ப்பதில்லை. அது கோணிய பிறகுதான் மதகு சிக்கிக்கொண்டது என்று தெரியவரும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு வண்ணப்பூச்சு இருக்கிறது. பார்வையிட வருவோர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். வண்ணம் பூசுவது தேவையான வேலை என்பதை மறுக்கவில்லை. ஆனால் பூச்சுக்கு முன் துருவைச் சுரண்டினார்களா, தகட்டின் கனத்தை அளந்தார்களா என்று கேட்டவர் எத்தனை பேர்?

பெருமதகாவது கண்ணுக்குத் தெரிகிறது. கால்வாய்க்கு நீர் விடும் அடிமதகு அணையின் அடிவயிற்றில் கிடக்கிறது. ஆண்டு முழுதும் நீருக்கும் சேற்றுக்கும் உள்ளே. கோடையில் நீர் வற்றினால்தான் அதன் முகம் தெரியும். வற்றாத ஆண்டில் அதுவும் தெரியாது. பழுதைச் சொல்லாமல் மறைக்கும் உறுப்பு அது. அது கெட்டால் என்ன ஆகும் என்பதைப் புனே நகரம் 1961 ஜூலை 12-இல் கண்டது. பான்ஷெட் அணையின் அடிமதகு வேலை முற்றுப்பெறாத நிலையில் நீர் தேக்கப்பட்டது. மதகின் நீர்வழி இடிந்து, மேலிருந்த மண்கரை அமிழ்ந்து, அணை உடைந்து, நகரத்துக்குள் ஆறு புகுந்தது. மதகு சிறியது, அது காக்கும் கரை பெரியது.

சரி. பழுது பார்க்கிறார்கள். பணமும் வருகிறது. உலக வங்கிக் கடனோடு அணைகள் புனரமைப்புத் திட்டம் என்று ஒன்று 2012-இல் தொடங்கி 2021 வரை, தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் 223 அணைகளில் நடந்தது. இரண்டாம் கட்டமும் தொடங்கியது. அத்திட்டத்தால் நன்மையே இல்லை என்று சொல்பவன் நானல்லன். பல பழைய அணைகளில் கசிவு அடைக்கப்பட்டது, மதகுகள் புதுப்பிக்கப்பட்டன. நல்லதை நல்லது என்று சொல்லாதவன் கெட்டதைக் கெட்டது என்று சொல்லும்போது எவன் நம்புவான்?

என் கேள்வி வேறு. பழுது பார்த்த வேலைக்கு மதிப்பெண் இடுவது யார்? எதைக் கொண்டு?

இன்று மதிப்பெண் இடுவது செலவுக் கணக்கு. ஒதுக்கியது இத்தனை கோடி. செலவானது இத்தனை கோடி. பணி நூற்றுக்குத் தொண்ணூறு முடிந்தது. மன்றத்தில் அமைச்சர் படிக்கும் தாளில் இருப்பது இதுதான். மறுநாள் நம் ஏட்டில் நாம் அச்சிடுவதும் இதுதான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு செலவானால் நூற்றுக்குத் தொண்ணூறு நீர் நிற்கும் என்று எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? ஒரு மதகின் அத்தனை உறுப்பையும் புதுப்பித்துவிட்டு ஒரு சங்கிலிக் கண்ணியை மட்டும் விட்டுவைத்தால், வேலை முக்காலே மூன்றுவீசம் முடிந்ததாகக் கணக்கு சொல்லும். முழுவதும் முடியவில்லை என்று ஆறு சொல்லும்.

துங்கபத்திரை சொல்லிற்று. நெடுந்தொலைவில் உள்ள அணையாயிற்றே என்று எண்ண வேண்டாம். 1945-இல் சென்னை மாகாணமும் ஐதராபாத் நிசாம் அரசும் சேர்ந்து கால்கோள் இட்ட அணை அது. சென்னை மாகாணத்துப் பொறியாளர் திருமலை ஐயங்காரின் அறிவும் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது. 1953-இல் நீர் தேங்கிற்று. 33 மதகுகள். 2024 ஆகஸ்டு 10-ஆம் நாள் இரவு, 19-ஆம் மதகின் சங்கிலி அறுந்தது. மதகு ஆற்றோடு போயிற்று. நூற்றைந்து டி.எம்.சி. நீர் நிறைந்து நின்ற நேரம். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. அதை நினைவிற் கொண்டு படியுங்கள். பழுதான மதகின் முன்னே இறக்கி நீரைத் தடுத்து நிறுத்தும் தடுப்புக் கதவு என்று ஒன்று உண்டு. அதற்கு வழிசெய்யாமலே கட்டியிருந்தார்கள். கண்ணய்ய நாயுடு என்னும் முதிய மதகு வல்லுநர் வந்து வழி வகுக்க, ஓடும் நீரிலேயே இரும்புத் தடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, ஒரு வாரத்துக்குள் அடைத்தார்கள். செயற்கரிய செயல்! அந்தத் தொழிலாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அதற்குள் முப்பது டி.எம்.சி.க்கு மேற்பட்ட நீர் போய்விட்டது.

அதன் பின்னே நடந்ததைத்தான் நம் தோழர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு மதகு உடைந்த பிறகு மற்ற முப்பத்திரண்டையும் நம்ப முடியவில்லை. ஆகையால் 2025-ஆம் ஆண்டில், மழை தாராளமாக வந்தும், 80 டி.எம்.சி. அளவோடு தேக்கத்தை நிறுத்தினார்கள். அத்தனை மதகுகளையும் மாற்றுவதற்காக, அந்தப் பருவத்தில் இரண்டாம் போகத்துக்கு நீர் இல்லை என்று அறிவித்தார்கள். பொறியியல் நோக்கில் அது சரியான முடிவு. மதகை மாற்ற வேண்டுமானால் நீரை இறக்கத்தான் வேண்டும். ஆயின் விலை கொடுத்தவன் யார்? ஆண்டுதோறும் பேணவேண்டிய கடமையைத் தவறவிட்ட அலுவலகமா? இல்லை. பூட்டிய ஏரை அவிழ்த்துக் கட்டிய உழவன். குத்தகைக்கு எடுத்தவனுக்குப் போகம் ஒன்று போயிற்று. கூலிக்கு நடவு நடுகின்றவளுக்கு வேலை நாள் போயிற்று. அவள் பெயர் எந்த மதிப்பீட்டுத் தாளிலும் இல்லை.

பழுது பார்க்கும் செலவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டுங்கள் என்பதுதான் என் வாதம். ஒரு போகம் தரிசாகக் கிடந்தால் எத்தனை குடும்பங்கள் கடன்படும்? அந்தத் தொகையையும் வைத்துப் பார்த்தால், ஆண்டுதோறும் மசகு இடுவதும், ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வடம் மாற்றுவதும், ஆளொருவனை அணையோடு குடியிருக்க வைப்பதும் எவ்வளவு மலிவு என்பது புலனாகும். உடைந்தபின் பார்ப்பது பழுது பார்த்தல் அன்று, கழுவாய் தேடுதல்.

இங்கே நம் பக்கத்து மேடைப் பேச்சாளர் ஒருவர் எழுந்து, “தமிழன் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏரி வாரியம் கண்டவன்!” என்று முழங்குவார். கண்டவன்தான். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகிறது. ஓராண்டே பதவி. கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. ஏரியைப் பேணுதற்கென்றே ஏரிப்பட்டி என நிலம் ஒதுக்கினார்கள். தூர்வாருதற்கு நிவந்தம் வைத்தார்கள். நன்று. மிக நன்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கடன் வாங்கி வேலை செய்து, கடன் தீர்ந்ததும் கைவிடும் முறையன்று அது. ஆண்டுதோறும் வருவாய் வரும் நிலத்தை ஏரிக்கே எழுதிவைத்த முறை. அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் பேச்சாளர் பாதியில் நிறுத்திவிடுவார், கல்வெட்டு நிறுத்தவில்லை. வாரியத்துக்கு வரக் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சேற்றில் இறங்கித் தூம்பு அடைப்பவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை உண்டா? பிற்காலத்தில் நீர்க்கட்டி, நீராணிக்காரர், மடைக்குடும்பர் என்று ஊர்தோறும் ஒருவர் இருந்தார். மடை திறக்க மூழ்கியவர் அவர். கரையில் இரவு காவல் கிடந்தவர் அவர். கடைசி வயலுக்கும் நீர் பிரித்துக் கொடுத்தவர் அவர். பல ஊர்களில் சேரிக்குள் வாழ்ந்தவர் அவர். மதகைப் பற்றிய அறிவு அவர் கையில். மதகைப் பற்றிய முடிவு வேறொருவர் வாயில். வெள்ளையர் ஆட்சியோ குடிமராமத்து என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டு, 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றிற்று. நிலவரி அரசுக்கு, கரை அடைக்கும் கூலியில்லா உழைப்பு குடிகளுக்கு! ஆகவே, பழம்பெருமை பேசும்போது யார் பெருமை, யார் முதுகு என்று பிரித்துப் பேசுங்கள்.

2017-இல் குடிமராமத்து என்ற பெயரை அன்றைய அரசு மீண்டும் எடுத்தது. தூர் அள்ளும் எந்திரங்கள் ஏரிகளில் இறங்கின. மண் அள்ளுவது கண்ணுக்குத் தெரியும் வேலை. மதகின் திருகுக் கம்பியை நேராக்குவது கண்ணுக்குத் தெரியாத வேலை. எது முந்தும் என்பதை உங்கள் ஊர் ஏரிக்குச் சென்று நீங்களே பாருங்கள். தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன; உங்கள் ஊருக்கு அருகே ஒன்று இல்லாமலா போகும்? ஆழப்படுத்திய ஏரியில் அடைபடாத மதகு இருந்தால், ஆழப்படுத்தியது யாருக்காக?

சட்டத்துக்கும் குறைவில்லை. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்தது. மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் ஒவ்வோர் அணையையும் ஆய்வு செய்ய வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அந்தச் சட்டம் மாநில உரிமையில் கைவைக்கிறது என்று தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்தது, உயர்நீதிமன்றத்துக்கும் சென்றது. நீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். தில்லியிலிருந்து நம் மதகுக்குச் சாவி போடுவானேன் என்ற கேள்வி சரியான கேள்வியே. ஒரு மாநிலத்துக்குச் சொந்தமான அணை மற்றொரு மாநிலத்து மண்ணில் இருந்தால், அதன் பாதுகாப்பு மேற்பார்வை நடுவண் அமைப்புக்கே போகும் என்கிறது அச்சட்டம். பரம்பிக்குளமும் முல்லைப் பெரியாறும் அந்த வகையில் வருபவை. சட்டம் வந்தது 2021 இறுதியில். பரம்பிக்குளத்து மதகு போனது 2022-இல். மாநில உரிமைக்காக நாம் மேடை போட்டு வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், நம் பொறுப்பில் இருந்த மதகு நமக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது! உரிமைப்போரில் நம் தலைவர்கள் ஆயிரம் சொற்களால் கட்டியதை ஓர் இரும்புத் துண்டு ஓரிரவில் சரித்தது. இதனால்தான் சொல்கிறேன், மதகுக்கு மசகு இடுவது அலுவலக வேலை மட்டுமன்று. அது நம் இயக்கத்தின் கொள்கை வேலை.

ஆய்வு நடைபெறுகிறது என்று அதிகாரிகள் சொல்வார்கள். நடைபெறட்டும். எப்படி நடைபெறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மே மாதத்தில், அணையில் நீர் குறைந்த வேளையில், மதகை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். ஏறும். இறங்கும். ‘நன்று’ என்று எழுதுவார்கள். நீரின் அழுத்தம் இல்லாதபோது உருளை சுழலாவிட்டாலும் மதகு ஏறும், தோழர்களே! இருபது அடி நீர் முதுகில் அழுத்தும்போது அதே மதகை ஏற்றிப் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்ற இரவில், மழையில், கையால் சுற்றி ஏற்ற எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க வேண்டும். வடம் எந்த ஆண்டு வாங்கியது, எந்த ஆண்டு மாற்ற வேண்டியது என்று பார்க்க வேண்டும். மூடிய மதகில் நொடிக்கு எவ்வளவு கசிகிறது என்று அளக்க வேண்டும். தடுப்புக் கதவு இருக்கிறதா, இருந்தால் அது அணைக்கருகே இருக்கிறதா, நூறு கல் தொலைவில் ஏதேனும் கிடங்கில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அத்தனைக்கும் மேலாக, மதகை இயக்கும் ஆள் யார்? நிலையான ஊழியரா, அன்றாடக் கூலியா? அவர் ஓய்வுபெற்றால் அடுத்தவர் யார்? அந்த இடம் காலியாகவே கிடக்கிறதா? பல கோடி ரூபாய் மதகின் திருகுபிடியில், சம்பளம் ஒழுங்காக வராத ஒரு கை இருக்குமானால், அந்தப் பழுதுபார்ப்பு முடிந்ததாக நான் ஒப்பமாட்டேன்.

பொறியாளர்கள் என்மேல் சினம் கொள்ள வேண்டாம். அவர்களிற் பலர் எழுதிக் கேட்டதைத் தராமல் இருந்தவர்கள் கோப்புக்கு மேலே அமர்ந்திருந்தவர்கள். மதகு மாற்ற வேண்டும் என்று எழுதிய குறிப்பு, புதுப்பாலத்துக்கும் புதுக்கட்டடத்துக்கும் பின்னே வரிசையில் நிற்கிறது. ஏன் நிற்கிறது? புதிதாகக் கட்டினால் அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, பெயர் பொறித்த பலகை உண்டு. வடத்துக்கு மசகு இட்டதற்குப் பலகை உண்டா? அணை திறக்கும் நாளில் மலர் தூவ எத்தனை கைகள்! மேட்டூரில் ஜூன் 12 என்றால் எவ்வளவு கூட்டம்! நானும் அக்கூட்டத்தில் நின்று மகிழ்ந்தவன்தான். நீர் வரும்போது மலர் தூவுவது தமிழர் பண்பாடு. அதைக் குறை சொல்ல மாட்டேன். மலர் தூவிய கைகளில் ஒன்றாவது ஏப்ரலில் வந்து பற்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்ததா என்றுதான் கேட்கிறேன்.

இனி நாம் கேட்க வேண்டியவை. பாசன நிலத்தாருக்கென்று சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் பாசன முறைமைகளை உழவர் மேலாண்மை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம். நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அதன்படி அமைகின்றன. மழைக்கு முந்திய மதகு ஆய்வு அந்தச் சங்கத்தாரின் கண்ணெதிரே நடக்கட்டும். தலைமடைக்காரர் மட்டும் வந்தால் போதாது; நீர் எட்டாமற்போனால் முதலில் காயும் கடைமடைக்காரர் வரட்டும்; நிலமில்லாமல் நடவுக்குப் போகும் பெண்ணும் வரட்டும். ஆய்வுக் குறிப்பு, அணையின் வாயிலில் ஒரு பலகையில் தமிழில் எழுதப்படட்டும். எந்த மதகு ஏறுகிறது, எது கசிகிறது, எந்த வடத்துக்கு எத்தனை வயது என்பதையெல்லாம் பேருந்து நேரம் எழுதுவதைப் போல எழுதட்டும். பழுது பார்த்து முடித்த மதகுக்கு, அடுத்த ஒரு போகம் முழுவதும் கடைமடைக்கு நீர் எத்தனை நாள் சென்றது என்று பார்த்த பிறகே ‘முடிந்தது’ என்ற சொல் எழுதப்படட்டும். பெரும்பழுதுக்காக ஒரு போகத்தை நிறுத்த நேர்ந்தால், அந்த இழப்பீடும் வேலையின் மதிப்பீட்டிலேயே சேரட்டும். உழவன் மனுப்போட்டு அலைய வேண்டாம்.

நம் ஆட்சி நடந்தாலும் இதைக் கேட்போம். அவர்கள் ஆட்சி நடந்தாலும் இதையே கேட்போம். நம்மவர் ஆட்சியில் கேட்டால் இயக்கத்துக்கு இழுக்கு என்று யாரேனும் காதில் ஓதினால், கிருஷ்ணகிரிக்கு வழி கேட்டு அவரை அனுப்பிவையுங்கள்.

அதுவரையில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. உங்கள் பகுதி அணையின், ஏரியின் பெயரை எழுதுங்கள். சென்ற மழைக்கு முன் மதகு ஆய்வு எந்த நாளில் நடந்தது, யார் கையொப்பமிட்டார், வடமும் ரப்பரும் கடைசியாக மாற்றியது எப்போது, மதகு இயக்குநர் பணியிடம் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்று கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். கிடைக்கும் மறுமொழியின் படியை நம் ஏட்டுக்கு அனுப்புங்கள். மாவட்டம் மாவட்டமாக இதே பக்கத்தில் அச்சிடுவோம். மறுமொழி வராவிட்டால், வரவில்லை என்பதையும் அச்சிடுவோம்.